லேத்துக்கு உறுப்பு செய்வோம்

நெருள் நவி மும்பையில் இருக்கிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 1970-ல் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. கழிமுகத்துக்கு அக்கரையில் புதிய நகரம் அமைக்கும் வேலை அதனிடம் தரப்பட்டது. அந்த நகரம்தான் நவி மும்பை. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கேயும் குடியேறின. நெருளிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

நெருளை ஒட்டி ஷிரவணே என்ற இடம் உள்ளது. அங்கே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. அது தானே–பேலாப்பூர் சாலை நெடுகிலும் நீண்டு கிடக்கும் பெரிய தொழிற்பேட்டையின் ஒரு பகுதி. 1962-ல் தொடங்கிய மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அதை அமைத்தது. எம்.ஐ.டி.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே பெரிய ஆலைகளும் உண்டு. சிறிய பட்டறைகளும் உண்டு.

சிறிய பட்டறையின் உயிர் எது? லேத்தான்.

லேத் என்ன செய்கிறது?

தமிழில் லேத்தைக் கடைசல் எந்திரம் என்பார்கள். இந்தியில் கராத் என்பார்கள். குயவரின் சக்கரத்தில் மண் சுழலும். கை அசையாமல் நின்று அதற்கு வடிவம் கொடுக்கும். லேத்திலும் அப்படித்தான். இரும்பு சுழலும். கூரான டூல் அதைச் சீவும்.

லேத்தின் முக்கிய உறுப்புகள் இவை:

ஸ்பிண்டில்: சுழலும் தண்டு.
சக்: இரும்பைக் கவ்விப் பிடிக்கும் உறுப்பு.
பெட்: எந்திரத்தின் நீண்ட படுகை.
கேரேஜ்: படுகையின் மேல் இடமும் வலமும் நகரும் வண்டி.
கிராஸ் சிலைடு: டூலை முன்னும் பின்னும் நகர்த்தும் பலகை.
லீட் ஸ்குரூ: மரை வெட்டும்போது கேரேஜை இழுத்துச் செல்லும் நீண்ட திருகு.

லேத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் உறுப்பு தேய்ந்தால், புதிய உறுப்பை அதிலேயே செய்யலாம். தையல் எந்திரம் தனக்கு ஊசி செய்துகொள்ளாது. மாவு எந்திரம் தனக்குக் கல் கொத்திக்கொள்ளாது. லேத்தோ தன் நட்டையும், ஆணியையும், சக்கைத் தாங்கும் தட்டையும் தானே கடையும்.

உறுப்பு கிடைக்காவிட்டால்?

பல பட்டறைகளில் பழைய லேத் ஓடுகிறது. முப்பது, நாற்பது ஆண்டு ஓடிய எந்திரமும் உண்டு. அதைச் செய்த கம்பெனி மூடப்பட்டிருக்கலாம். அந்த மாடலையே நிறுத்தியிருக்கலாம். மஸ்ஜித் பந்தர் அருகே நாக்தேவி தெருவில் எந்திரச் சாமான் கடைகள் நிறைய உண்டு. அங்கே சக் கிடைக்கும், டூல் கிடைக்கும். ஆனால் பழைய லேத்தின் நட்டு அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

லேத் நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் அன்றைய கூலி போகும். ஒப்புக்கொண்ட சரக்கு தாமதமாகும். அதனால் பட்டறையிலேயே உறுப்பைச் செய்துவிடுவது வழக்கம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் அவசரமாகச் செய்த உறுப்பு எந்திரத்தையே கெடுத்துவிடும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: ஏன் உடைந்தது?

பல லேத்துகளில் லீட் ஸ்குரூவுக்கு ஓட்டம் தரும் இடத்தில் ஒரு சிறிய ஆணி இருக்கும். ஷியர் பின் என்பது அதன் பெயர். பித்தளையிலோ மென்மையான இரும்பிலோ செய்திருப்பார்கள்.

கேரேஜ் தவறிப்போய் சக்கின்மேல் மோதினால் என்ன ஆகும்? இந்த ஆணி முறியும். லீட் ஸ்குரூ நின்றுவிடும். கியர் தப்பும். ஆணி முறிவது பழுது அல்ல. அதுதான் அதன் வேலை. வீட்டில் மின்சார ஃபியூஸ் எரிந்து வீட்டைக் காப்பதுபோல இது லேத்தைக் காக்கிறது.

இது தெரியாதவர் என்ன நினைப்பார்? "ஆணி அடிக்கடி முறிகிறது. நல்ல கெட்டி ஆணியாகப் போடுவோம்" என்று நினைப்பார். உடைந்த டிரில்லின் தண்டை வெட்டி அந்த இடத்தில் செருகுவார். அடுத்த முறை கேரேஜ் மோதும். ஆணி முறியாது. கியரின் பல் முறியும். சில ரூபாய் ஆணியை மிச்சம் பிடித்து, கியருக்குப் பெரும் பணம் செலவழிக்க வேண்டி வரும்.

ஆகவே பழைய ஆணி எந்த உலோகமோ, அதே உலோகத்தில் புதிய ஆணி செய்ய வேண்டும். அதே தடிமனில் செய்ய வேண்டும். பத்து ஆணிகளைக் கடைந்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பது நல்லது. ஆணி அடிக்கடி முறிந்தால், ஆணியைக் குறை சொல்லக் கூடாது. எது எங்கே மோதுகிறது என்று தேட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: அளவு என்ன?

கிராஸ் சிலைடின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதில் ஒரு நட்டு ஓடும். கைப்பிடியைச் சுற்றினால் நட்டு நகரும். நட்டோடு டூலும் நகரும். நாளாக ஆக நட்டின் மரை தேயும். அப்போது கைப்பிடி கொஞ்சம் சும்மா சுற்றும். டூல் நகராது. பட்டறையில் இதை "பிளே வந்துவிட்டது" என்பார்கள்.

பிளே அதிகமானால் அளவு தவறும். சில நேரம் வெட்டும்போது டூல் தானாக இரும்பைக் குத்திக்கொள்ளும். வேலை கெடும். எனவே புதிய நட்டு செய்ய வேண்டும்.

ஒரு பட்டறையில் அந்தத் திருகைக் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரியும் புதிதாக வேலை கற்கும் இளைஞரும் பேசிக்கொள்வதைக் கேளுங்கள்.

"அண்ணே, மரைக்கு மரை இடைவெளி ரெண்டரை மில்லி. வெட்டிடலாமா?"

"ஒரே ஒரு இடைவெளியைத்தானே அளந்தே?"

"ஆமாண்ணே."

"பத்து இடைவெளி சேர்த்து அளந்து பார் தம்பி."

"இருபத்தஞ்சு மில்லியும் கொஞ்சமும் வருதுண்ணே."

"அந்தக் கொஞ்சம் எவ்வளவு?"

"அரை மில்லிக்குக் கொஞ்சம் கம்மி."

"இப்போ ஸ்கேலைத் திருப்பு. அங்குலப் பக்கம் வெச்சுப் பார்."

"அட, சரியா ஒரு அங்குலம்ணே!"

"அதுதான் தம்பி. இது மில்லிமீட்டர் மரை இல்லை. அங்குல மரை. அங்குலத்துக்குப் பத்து."

இங்கே என்ன நடந்தது? கணக்குப் போட்டால் விளங்கும்.

1 அங்குலம் = 25.4 மி.மீ.
அங்குலத்துக்கு 10 மரை என்றால், ஒரு இடைவெளி 2.54 மி.மீ.
மில்லிமீட்டர் மரையில் ஓர் இடைவெளி 2.5 மி.மீ.
வித்தியாசம் 0.04 மி.மீ. இதைக் கண்ணால் பார்க்க முடியாது.
பத்து இடைவெளியில் வித்தியாசம் 0.4 மி.மீ. இது கண்ணுக்குத் தெரியும்.

இளைஞர் நினைத்தபடி 2.5 மி.மீ. மரை வெட்டியிருந்தால் நட்டு என்ன ஆகியிருக்கும்? ஓரிரு சுற்று ஏறும். பிறகு இறுகி நின்றுவிடும். அராவித் தளர்த்தினால் ஏறும். ஆனால் ஒன்றிரண்டு மரைகள்தான் சுமை தாங்கும். அவையும் சீக்கிரம் தேயும். விலை உயர்ந்த உலோகம் வீண். ஒரு நாள் உழைப்பு வீண்.

ஒரே பட்டறையில் இரண்டு அளவு ஏன்?

முன்பு நம் நாட்டில் அடி, அங்குலம், சேர், மணங்கு என்று பல அளவுகள் இருந்தன. 1956-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 1958 முதல் மீட்டரும் கிலோவும் படிப்படியாக வந்தன. ஆனால் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய எந்திரங்களில் அங்குல மரை அப்படியே இருந்தது. அவற்றைப் பார்த்துச் செய்த எந்திரங்களிலும் இருந்தது. பக்கத்தில் புதிய எந்திரம் மில்லிமீட்டரில் நின்றது. இன்றும் இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஓடுகின்றன.

பேச்சிலும் இரண்டும் கலந்தே இருக்கும். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்குத் தமிழில் நூல் என்று பெயர். இந்தி பேசும் தொழிலாளி அதையே சூத் என்பார். சூத் என்றாலும் நூல்தான். மொழி வேறு, அளவு ஒன்று.

இடது மரையா, வலது மரையா?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதாரண போல்ட்டில் இருப்பது வலது மரை. வலப்பக்கம் சுற்றினால் இறுகும். ஆனால் பெரும்பாலான லேத்துகளின் கிராஸ் சிலைடு திருகில் இடது மரை இருக்கும். ஏன்? கைப்பிடியை வலப்பக்கம் சுற்றினால் டூல் முன்னே போக வேண்டும். அதற்கு இடது மரைதான் வேண்டும். இதைக் கவனிக்காமல் வலது மரை வெட்டினால் அந்த நட்டு திருகில் ஏறவே ஏறாது.

மூன்றாவது கேள்வி: எந்த உலோகம்?

திருகு எஃகில் இருக்கும். நட்டைக் கன்மெட்டலில் செய்வார்கள். கன்மெட்டல் என்பது செம்பு, வெள்ளீயம், துத்தநாகம் கலந்த வெண்கல வகை. அது எஃகைவிட மென்மையானது. எஃகின்மேல் வழுக்கி ஓடும்.

மென்மையான உலோகத்தில் செய்தால் தேயாதா? தேயும். தேய வேண்டும் என்பதுதான் யோசனை. இரண்டில் ஒன்று தேயத்தான் போகிறது. நீண்ட திருகைச் செய்வது கடினம். சிறிய நட்டைச் செய்வது எளிது. ஆகவே நட்டு தேயட்டும், திருகு பிழைக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நட்டையும் எஃகில் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். இரண்டும் கெடும்.

நட்டு செய்யும் முறை

1. திருகைக் கழற்றி அளக்க வேண்டும். நடுப்பகுதி தேய்ந்திருக்கும். அதனால் தேயாத முனையில் அளக்க வேண்டும்.

2. ஒரு மெல்லிய தகட்டை எடுத்து, மரையின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி அராவ வேண்டும். இந்தத் தகடுதான் மரையின் வடிவத்துக்குச் சாட்சி.

3. பழைய நட்டையும் அளக்க வேண்டும். அதன் நீளம், அகலம், உயரம், போல்ட் துளையின் இடம் எல்லாவற்றையும் படம் வரைந்து எழுத வேண்டும்.

4. திருகையும் பழைய நட்டையும் திரும்ப மாட்ட வேண்டும். பழைய நட்டைத் தூக்கி எறியக் கூடாது. அது இல்லாமல் லேத் ஓடாது. பழைய நட்டு இருந்தால்தான் புதிய நட்டைச் செய்ய முடியும். அதில் பிளே இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றி அளவுக்கு வந்தால் பிளே வேலையைக் கெடுக்காது.

5. முதலில் ஒரு மாதிரித் திருகு கடைய வேண்டும். விரல் நீளம் போதும். உண்மைத் திருகு எந்திரத்துக்குள் இருக்கிறது அல்லவா? நட்டைச் சோதிக்க இந்த மாதிரி உதவும். தகட்டை வைத்தும் மைக்ரோமீட்டரை வைத்தும் மாதிரியைச் சரிபார்க்க வேண்டும்.

6. பிறகு கன்மெட்டலில் துளை போட்டு, உள்ளே மரை வெட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். மாதிரித் திருகு தடையில்லாமல் ஏற வேண்டும். ஆடக் கூடாது.

அங்குல லேத்தில் அங்குல மரை வெட்டுவது எளிது. அதன் லீட் ஸ்குரூவும் அங்குலம்தான். ஆனால் மில்லிமீட்டர் லேத்தில் அங்குல மரையைச் சரியாக வெட்ட 127 பல் கொண்ட ஒரு கியர் உதவும். அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்டவும் அதே கியர்தான். அது என்ன 127? 25.4-ஐ 5-ஆல் பெருக்கிப் பாருங்கள். 127 வரும். இரண்டு அளவுகளையும் இணைக்கும் பாலம் அந்தக் கியர். அதன் பற்களைச் சமமாகப் பிரித்து வெட்டுவது கடினம். அந்த வேலையைக் கியர் வெட்டும் பட்டறையில் கொடுப்பது நல்லது. எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை.

சக்குக்குப் பின் தட்டு

பழைய லேத்தில் புதிய சக் மாட்ட வேண்டுமா? நடுவில் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு வேண்டும். அதன் பெயர் பேக் பிளேட். தட்டின் பின்புறம் ஸ்பிண்டில் மரையில் ஏறும். முன்புறம் சக்கைத் தாங்கும்.

தட்டின் நடுவில் துளை போட்டு, ஸ்பிண்டில் மூக்குக்கு ஏற்ற மரையை முதலில் வெட்டுவார்கள். பிறகு தட்டை அந்த லேத்தின் ஸ்பிண்டிலிலேயே ஏற்றுவார்கள். அங்கே சுழலவிட்டு முன்புறத்தைச் சீவுவார்கள். சக்கின் பின்குழிக்குள் பொருந்தும் வட்ட மேட்டையும் அங்கேயே கடைவார்கள்.

ஏன் அங்கேயே கடைய வேண்டும்? தட்டு ஸ்பிண்டிலில் உட்காரும்போது முடியளவு சாய்ந்திருக்கலாம். சுழலும்போதே சீவுவதால் அந்தச் சாய்வு போய்விடும். தட்டின் முகம் அந்த ஸ்பிண்டிலுக்கு நேராகிவிடும். வேறு லேத்தில் கடைந்து கொண்டுவந்தால் இந்த நேர்த்தி கிடைப்பது அரிது. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அது அந்த லேத்துக்கே உரிய தட்டு.

மரைக்கு வந்த ஒழுங்கு

இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லி என்றொரு தொழிலாளி இருந்தார். 1771-ல் பிறந்தார். 12 வயதில் ஆயுதச் சாலையில் வேலைக்குப் போனார். 1800-ஐ ஒட்டி, மரையைத் துல்லியமாக வெட்டும் லேத்தை உருவாக்கினார். அதற்கு முன் ஒரு போல்ட்டுக்குச் செய்த நட்டு இன்னொரு போல்ட்டுக்குப் பொருந்துவது அபூர்வம். அவரிடம் வேலை பார்த்தவர் ஜோசப் விட்வொர்த். மரைக்கு ஒரே அளவு வேண்டும் என்று 1841-ல் அவர் திட்டம் சொன்னார். பட்டறைகளில் இன்றும் "விட்வொர்த் மரை" என்று சொல்வது அவர் பெயரைத்தான்.

நம் நாட்டிலும் இந்தத் தொழில் வளர்ந்தது. கோயம்புத்தூரில் 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தொடங்கியது. அங்கே தொழிலும் கற்றுத் தந்தார்கள். லேத்தும் செய்தார்கள். 1953-ல் பெங்களூரில் எச்.எம்.டி. தொடங்கப்பட்டது. லேத் செய்வது அதன் முதல் வேலைகளில் ஒன்று.

ஆபத்து வராமல் இருக்க

கியர் மூடியைத் திறக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

தொங்கும் துண்டு, நீண்ட கைச்சட்டை, கையுறை ஆகியவற்றோடு லேத்தில் நிற்கக் கூடாது. சுழலும் சக் துணியைப் பிடித்தால் கையையும் இழுக்கும்.

சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிடக் கூடாது. லேத் ஓடியதும் அது பறந்து வந்து அடிக்கும்.

மரையில் ஏற்றிய சக்கைப் பின்பக்கமாக ஓட விடக் கூடாது. அது கழன்று விழலாம்.

சீவல் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது. கொக்கி போட்டு இழுக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணிய வேண்டும்.

அளவு நோட்டு

பல பட்டறைகளில் அளவெல்லாம் ஒருவர் தலையில் இருக்கும். "அந்த நட்டா? அது மேஸ்திரிக்குத்தான் தெரியும்" என்பார்கள். மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டால்? வயதாகி ஓய்வு பெற்றுவிட்டால்? அவரோடு அளவும் போய்விடும். மறுபடி எந்திரத்தைப் பிரிக்க வேண்டும். மறுபடி அளக்க வேண்டும். மறுபடி கூலி போகும்.

இதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். புதிதாக எழுதப் படித்தவரும் இதைச் செய்யலாம். இப்படி எழுதி வைக்கலாம்:

உறுப்பு: கிராஸ் சிலைடு நட்டு
மரை: அங்குலத்துக்கு 10, இடது மரை
உலோகம்: கன்மெட்டல்
ஏன் மாற்றினோம்: மரை தேய்ந்தது
மாற்றிய தேதி: ______

பக்கத்தில் ஒரு படம் வரைந்து அளவுகளைக் குறிக்க வேண்டும். மாதிரித் திருகையும் தகட்டையும் ஒரு பையில் போட்டு, சீட்டு எழுதிக் கட்டி வைக்க வேண்டும். அடுத்த முறை நட்டு தேயும்போது பாதி வேலை முன்பே முடிந்திருக்கும்.

சொல் அறிவோம்

மரை – திருகிலும் நட்டிலும் சுற்றிச் செல்லும் வரி
பிளே – கைப்பிடி சுற்றியும் டூல் நகராத இடைவெளி
கன்மெட்டல் – ஒரு வகை வெண்கலம்
நூல் – அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு

கணக்குப் போடுவோம்

1. ஒரு திருகில் அங்குலத்துக்கு 8 மரை. ஓர் இடைவெளி எத்தனை மி.மீ.? அது எத்தனை நூல்?
2. ஒரு திருகில் 10 இடைவெளி சேர்ந்து 30 மி.மீ. ஓர் இடைவெளி எவ்வளவு?

பேசிப் பார்ப்போம்

1. ஷியர் பின்னைக் கெட்டி எஃகில் செய்தால் என்ன ஆகும்?
2. பழைய நட்டை ஏன் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்?
3. உங்கள் வேலையில் தலையில் மட்டும் இருக்கும் அளவுகள் எவை? அவற்றில் எதை முதலில் எழுதி வைப்பீர்கள்?